இரண்டாவது படம்

கோயில் மண்டபத்தில் தார்ப்பாய்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்ப் பிரிவின் தலைவர் உள்ளே வந்து முதலில் கேட்டது பேனரைப் பற்றித்தான்.

"பேனர் எந்தப் பெட்டியில இருக்கு? மேலயே வைங்கலா. அடியில போட்டா அங்க யாரு தேடி எடுப்பா?"

தவக்காலத்தின் கடைசி வாரம் அது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் உள்ள எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பிரிவு, பர்மாவில் போரால் வீடிழந்தவர்களுக்காக ஆறு பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய், கொசுவலை, ரப்பர் செருப்பு, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசல் பொட்டலம், பெண்களுக்கான பேட். இந்தப் பட்டியலைச் சொன்னவள் அங்கே உறவுகளை வைத்திருப்பவள். அதனால் பட்டியலில் வீண் எதுவும் இல்லை. எங்கள் மக்கள் கொண்டுவந்து கொடுத்ததில்தான் வீண் இருந்தது. சரிகை வைத்த மலாய் உடையான பாஜு கூரோங், பட்டுப் பாவாடை, ஒரு ஜோடி குதிகால் உயர்ந்த செருப்பு.

"அலமாக், இதப் போட்டுக்கிட்டு அவங்க எங்க ஓடுவாங்க?" என்று அந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டினார் எங்கள் செயலவையில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி. எல்லாரும் சிரித்தோம்.

பட்டியலைச் சொன்னவள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தோசை சுடுபவள். பர்மாத் தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும். ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் கடைக்கு ஓடுவாள். எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் ஏறிய கப்பல் ஒன்று, அவளுடையவர்கள் ஏறிய கப்பல் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நன்கொடை கேட்டு நான் எழுதிய செய்தியில் ஒரு வரி போட்டிருந்தேன். பலர் அந்த வரியைப் பாராட்டினார்கள்.

அவளுடைய தாயும் தம்பியும் பர்மாவின் தென்கிழக்கில் ஒரு சிறிய ஊரில், கோயிலுக்குச் சொந்தமான பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். குண்டு விழுந்த கிராமங்களிலிருந்து ஓடிவந்த வேறு பல குடும்பங்களும் அங்கே இருந்தன. தம்பிக்கு இருபத்தாறு வயது. அவன்தான் பெட்டிகளைப் பெற்றுப் பிரித்துக் கொடுக்கப் போகிறவன்.

"தம்பி வெளிய தல காட்டறதே இல்லண்ணே," என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "வயசுப் பசங்கள புடிச்சுப் பட்டாளத்துல போட்டுடறாங்க. புதன்கிழமை மட்டும் சாமியார் பைக்குல பின்னால உக்காந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவான். சாமியாரு அங்கி போட்டிருந்தா சோதனைச் சாவடியில அதிகம் கேக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல போன்ல பேச்சு மட்டும்தான் வரும். படம் கிடம் அனுப்பணும்னா பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடையில லைன் கிடைக்கும், அங்கதான் போவணும்."

இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். புதன், சாமியார், சாவடி, பஸ் நிலையம். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

நான் பகலில் ஒரு மரப்பொருள் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பதினேழு வருடம் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் இருந்தேன். இப்போதும் அதற்குப் பகுதிநேர நிருபர். குளுவாங், காஹாங், சிகாமட், சில சமயம் மூவார் வரைக்கும் நடக்கும் செய்திகளையும் படங்களையும் அனுப்புகிறேன். பெரும்பாலானவை நன்கொடைகளை எடுத்து வழங்கும் படங்கள். அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. கொடுப்பவர் இடப்பக்கம், வாங்குபவர் வலப்பக்கம், நடுவில் பொருள், பொருளின்மேல் எல்லாருடைய கையும், பின்னால் பேனர். பொருளை யாரும் பார்க்கக் கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும்.

சிகாமட்டில் வெள்ளம் வந்த ஒரு வருடம், துயர் துடைப்பு மையமாக மாற்றியிருந்த ஒரு பள்ளியில், முதியவர் ஒருவர் போர்வையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். கேமராவில் நான் எதையோ சரிசெய்துகொண்டிருந்த நேரம். அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். போர்வையைக் கொடுத்தவர் கையிலேயே திரும்பக் கொடுக்கச் சொல்லி, மறுபடி வாங்கச் சொன்னேன். ஈரச் சட்டையோடு அவர் இரண்டாம் முறையும் கை நீட்டினார். படம் நன்றாக வந்தது, மறுநாள் மூன்றாம் பக்கத்தில் போட்டார்கள். அன்று எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

பர்மாவுக்குப் பெட்டி அனுப்புவது என்று முடிவானதும் தலைவர் சொன்னதை நான் தவறு என்று நினைக்கவில்லை. "நம்ம ஆளுங்க குடுத்திருக்காங்க. போய்ச் சேந்துச்சானு கேப்பாங்க இல்ல? ஒரு படம், பேனரோட. நீங்க பேப்பர்ல போட்டுடுங்க. அடுத்த தடவ இன்னும் குடுப்பாங்க." அவர் தோட்ட மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொதுக்காரியத்தில் கெட்ட பெயர் வாங்காதவர். அந்த நல்ல பெயர் நிலைத்ததற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் அவரிடம் படம் இருந்ததுதான்.

நான் என் பங்குக்குக் கவனமாக இருந்தேன். ஊர்ப் பெயர் வராது, தம்பியின் பெயர் வராது, சாமியாரின் பெயர் வராது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் காப்பாற்றினேன்.

பெட்டிகள் உயிர்த்த ஞாயிறு கழிந்து சில வாரங்களில் போய்ச் சேர்ந்தன. ஒரு புதன்கிழமை தம்பி சாமியாரோடு பஸ் நிலையத்துக்குப் போய்ப் படத்தை அக்காவுக்கு அனுப்பினான். வியாழன் மதியம் அவள் எனக்கு அனுப்பினாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம்.

நல்ல படம். முன்வரிசையில் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். பின்னால் பெண்கள். பலர் காலில் எங்கள் செருப்பு. இரண்டு பெண்கள் பேனரின் இரு முனைகளையும் பிடித்திருந்தார்கள். மேலே உள்ள பெரிய எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கீழ் வரியில் இருந்த எங்கள் தமிழ்ப் பிரிவின் பெயர் மட்டும் மங்கலாக இருந்தது. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதறின. போனில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. நாளிதழில் இருந்த காலத்தில் இப்படி வரும் படங்களைத் திருப்பி அனுப்பியே பழகியவன் நான். தெளிவில்லாத படத்தை என் கையால் பக்கத்துக்கு அனுப்பியதில்லை என்ற ஒரு பெருமை எனக்கு இருந்தது.

அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். கூட்டம் கலைந்திருந்தது. பின்பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் பாத்தீங்களாண்ணே? எல்லாம் செருப்பு போட்டுக்கிட்டு நிக்குதுங்க. எங்கம்மா போட்டிருக்கறது ரெண்டு சைசு பெருசு."

"நல்லாருக்கும்மா. ஆனா பேனர்ல கீழ வரி தெளிவா இல்ல. இன்னொரு தடவ அனுப்பச் சொல்லணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்துத்தான போயிட்டு வந்தான். அடுத்த புதன் போவான். அப்ப அனுப்பச் சொல்லவா?"

"ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வரணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"சாமியாரு ஊர்ல இல்லண்ணே. பிஷப் வீட்டுக்குப் போயிருக்காரு."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். செய்தி ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். வெள்ளச் செய்தி மாதிரி மறுநாளே பழையதாகிப் போகும் செய்தி இல்லை அது. நான் சொன்னது வேறு.

"பேப்பர்ல கேக்கறாங்கம்மா."

பேப்பரில் யாரும் கேட்கவில்லை. படத்தை நான் இன்னும் அவர்களுக்கு அனுப்பவே இல்லை. ஆனால் என் பெயரில் கேட்பதைவிடப் பேப்பரின் பெயரில் கேட்டால் வேலை நடக்கும் என்பது நிருபர் வேலையில் முதல் வருடமே கற்றுக்கொள்ளும் விஷயம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறைதான் கிடைத்தது. ஒலிபெருக்கியில் போட்டு என் பக்கம் நீட்டினாள்.

"என்னாண்ணே, படம் நல்லா இல்லையா?" என்றான். சிரிப்புக் குரல். "நம்ம போன் அவ்ளதாண்ணே. கிழவிங்கள ஒரே நேரா நிக்க வைக்கவே அரை மணி ஆச்சு."

"படம் நல்லாத்தான் எடுத்திருக்கப்பா. அனுப்பற விதம்தான். டாக்குமென்ட்னு ஒண்ணு இருக்கும் பாரு, அத அழுத்தி அனுப்பு."

"சரிண்ணே. காலையில வெள்ளனமே போயிட்டு வந்திர்றேன். பேப்பர்ல எம்பேரு போடுவீங்களா? படம் எடுத்தது யாருன்னு?"

"போடக்கூடாதுப்பா. உனக்கு ஆபத்து."

"சும்மா கேட்டேண்ணே," என்றான்.

அவள் பேசியது தமிழும் பர்மிய மொழியும் கலந்து வேகமாக இருந்தது. ஜாக்கிரதை என்று சொல்கிறாள் என்று மட்டும் புரிந்தது. போனை வைத்துவிட்டு எனக்குத் தேத்தாரே, நுரை பொங்க ஆற்றிய தேநீர், கலக்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

வெள்ளிக்கிழமை நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் வரவில்லை. லைன் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஐந்து மணிக்கு, நாளிதழில் பக்கம் வடிவமைக்கும் இளைஞர் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டார். முதல் படத்தை அனுப்பிவிட்டுத் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்கு என்னண்ணே குற? நல்லாத்தான் இருக்கு. கால் பக்கம்தான போடப்போறோம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து வெளியே தலைவர் பத்துப் பிரதி வாங்கி வைத்திருந்தார். அந்த அளவுக்குச் சுருக்கிப் போட்டபோது பேனரின் கீழ் வரி சுத்தமாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே தலைவர் சத்தமாக வாசித்தார்.

அவள் பூசைக்கு வரவில்லை. பேப்பரைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "வெள்ளிக்கிழமேலேர்ந்து போன் போவலண்ணே," என்றாள். "பேச்சாவது வருமே." நான் அங்கே மழையாக இருக்கும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாமியார் ஊர் திரும்பி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பஸ் நிலையத்துக் கடைக்கு வெளியே இரண்டு பட்டாள லாரிகள் வந்து நின்றன. நின்றிருந்த வாலிபர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் கையில் போன் இருந்தது. எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

அன்று மாலை நானும் மனைவியும் கடைக்குப் போனோம். முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாமல் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி தோளைத் தொட்டதும், "நாந்தானக்கா போவச் சொன்னேன்," என்றாள். "அவன் சும்மாதான இருந்தான். நாந்தான போன் போட்டுப் போடா போடான்னேன்."

"நீ என்னம்மா செய்வ," என்றேன் நான். "பேப்பர்ல கேட்டாங்க."

முதல் முறை அதைச் சொன்னபோது ஒரு படம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இரண்டாவது முறை, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன். இரண்டிலும் குரல் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள், "புடிச்சது நீங்களா? சண்ட போடறது நீங்களா? பெட்டி அனுப்பினீங்க, நல்லதுதான செஞ்சீங்க," என்றாள். அவள் சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சம்பவத்தை எழுதும்போது, ஏன் அந்த ஆள் அந்த நேரத்தில் அங்கே நின்றான் என்று கேட்பது என் தொழில். அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் அங்கே நின்றதற்குக் காரணம் ஒன்றுதான். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் வாக்கியம் மாறவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் கடைப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனால் முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அவள் உள்ளிருந்து தலையசைப்பாள். செய்தி எதுவும் வரவில்லை என்பதை அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்துகொண்டு கேட்காமல் இருந்துவிடுவேன்.

ஆகஸ்டில் செயலவைக் கூட்டம். பேப்பரில் படம் வந்த பிறகு தலைவர் சொன்னது போலவே நன்கொடைப் பொருள்கள் கூடியிருந்தன. இரண்டாவது முறை பன்னிரண்டு பெட்டி அனுப்பலாம். அந்தப் பெண்ணின் தம்பியைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போன செய்தி எல்லாருக்கும் தெரியும், அவனுக்காக ஜெபமும் செய்திருந்தோம். எப்படிப் பிடிபட்டான் என்பது யாருக்கும் தெரியாது.

"இந்தத் தடவ சாமியாரையே எடுக்கச் சொல்லலாம்," என்றார் தலைவர். "படத்தோட ஒரு சின்ன வீடியோவும் கேட்டா நல்லாருக்கும்லா. பிள்ளைங்க தேங்க்யூ சொல்ற மாதிரி."

"படம் வேணாம்," என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். செய்தி சொல்வது போலத்தான் சொல்ல வந்தது. முதல் படம் வியாழக்கிழமை வந்தது, தெளிவாக இல்லை என்று நான் முடிவு செய்தேன், பேப்பர் கேட்டதாகப் பொய் சொன்னேன், சாமியார் ஊரில் இல்லை என்று தெரிந்தே அவனைத் தனியாகப் போகவைத்தேன், வெள்ளிக்கிழமை பிடித்தார்கள், முதல் படத்தையே பேப்பரில் போட்டார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேனர் நான் கேட்டது," என்றார் மெல்ல. பிறகு, தனக்குத்தானே கேட்பது போல, "படம் இல்லனா அப்ப எப்படித் தெரியும், போய்ச் சேந்துச்சுனு?" என்றார்.

"சாமியாரு சொன்னா நம்பிக்க வேண்டியதுதான்," என்றார் ஓய்வுபெற்ற தாதி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, நீங்க இப்ப சொன்னது?"

"தெரியாது."

"அப்ப எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க முதல்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. மருந்து மாற்றிக் கொடுத்த ஒரு புதுத் தாதியிடம் கேட்கும் குரல். நான் எழுந்து நேராகக் கடைக்குப் போனேன். பெட்டி அனுப்புவது என்றும், படம் கேட்பதில்லை என்றும் அவர்கள் முடிவு செய்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவள் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பேப்பர்ல கேக்கலையா?"

"இல்ல."

"யாருமே கேக்கலையா?"

"நாந்தான் கேட்டேன்."

நீர் ஊற்றிக் கல்லைக் கழுவினாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா என்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆச்சு, தெரியுமாண்ணே? எங்கண்ணு முன்னால நிக்காதன்னு போன்லயே சொல்லிட்டாங்க. போட்டாவுக்கு ஆசப்பட்டுத் தம்பியத் தொலச்சவன்னு அங்க எல்லாருகிட்டயும் சொல்லி அழுவுறாங்களாம். சாமியாரு சொல்றாரு. நான் போட்டா கேட்டனா?"

எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்டதும் இல்லை.

"மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. அது எனக்கு இப்ப வராது." போனை எடுத்தாள். "அம்மாகிட்ட சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

சாமியாரின் எண்ணைக் கூப்பிட்டாள். அவரிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் நடக்கும் சத்தம், யாரையோ அழைக்கும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். அவள் போனை என் கையில் திணித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"யாரு?" என்றது ஒரு வயதான குரல்.

"அம்மா, நான் ஜொகூர்லேர்ந்து பேசறேன். இங்க பேப்பர்ல எழுதறவன். அன்னைக்குப் படம் கேட்டது நாந்தாம்மா. உங்க மக இல்ல. அது அடுத்த புதன் போவட்டும்னுதான் சொல்லிச்சு. நாந்தான் பொய் சொல்லி உடனே வேணும்னு கேட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அதான் முன்னாலயே ஒண்ணு அனுப்பியிருந்தானே," என்றார்.

"ஆமாம்மா."

"நாங்கல்லாம் நின்னு எடுத்தமே. அது ஆவலையா?"

"ஆச்சும்மா. கடைசியில அதத்தான் போட்டாங்க."

பிள்ளைகளின் சத்தம் தூரமாகப் போனது. யாரிடமும் என்றில்லாமல் அவர் ஏதோ பர்மிய மொழியில் சொன்னார். பிறகு தமிழில், "நீ போன அவகிட்ட குடு," என்றார்.

கொடுத்தேன். அவள் அதைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்பது சரியில்லை. முன்பக்கம் வந்தேன். ஒருவர் தோசை எங்கே என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நேரமாகும் என்று சொன்னேன்.

தம்பியைப் பற்றி இதை எழுதும் நாள்வரை தகவல் இல்லை.